‘கிரீட்டோ’வை எப்படிப் படிப்பது: சட்டத்துக்கு எதுவரை கட்டுப்படுவது?

பிளேட்டோவின் ‘கிரீட்டோ’ சின்ன உரையாடல், ஒரே அமர்வில் முடிந்துவிடும். ஆனால் அதை மட்டும் படித்தால், அரசு சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் சாக்ரடீஸ் என்ற எண்ணம்தான் மிஞ்சும். ஆகவே ‘அபாலஜி’யின் (சாக்ரடீஸ் தன் வழக்கில் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய தற்காப்புரை) 28 முதல் 32 வரையுள்ள பக்கங்களை முதலில் படியுங்கள். இவை 1578-ல் வெளியான ஸ்டெஃபானஸ் பதிப்பின் பக்க எண்கள்; நல்ல மொழிபெயர்ப்புகளில் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

அங்கே இரண்டு இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கம் 29: தத்துவ விசாரணையைக் கைவிட்டால் விடுதலை என்று நீதிமன்றம் சொன்னாலும், உங்களைவிடக் கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்கிறார் சாக்ரடீஸ். பக்கம் 32: லியோன் என்பவரை அநியாயமாகக் கொல்வதற்காகச் சலாமிஸ் தீவிலிருந்து பிடித்துவரும்படி, அப்போது ஏதென்ஸை ஆண்ட முப்பதின்மர் என்ற கொடுங்கோல் குழு சாக்ரடீஸ் உட்பட ஐந்து பேருக்கு உத்தரவிட்டது. நான்கு பேர் போனார்கள். சாக்ரடீஸ் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது ‘கிரீட்டோ’. கி.மு. 399, விடிவதற்கு முன், சிறைக்கூடம்; சாக்ரடீஸ் மரண தண்டனைக்குக் காத்திருக்கிறார். தப்பிவிடலாம், வடக்கே தெசலியில் நண்பர்கள் இருக்கிறார்கள் என்கிறார் அவருடைய நண்பர் கிரீட்டோ. இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கலாம். 49-ம் பக்கத்தில் நிதானியுங்கள். சாக்ரடீஸ் வைக்கும் கொள்கைகள் இவை: தீங்குக்குப் பதிலாகக்கூடத் தீங்கு செய்யக் கூடாது. ஒப்புக்கொண்டது நியாயமானதாக இருந்தால் அதை நிறைவேற்ற வேண்டும். இந்த ‘நியாயமானதாக இருந்தால்’ என்ற நிபந்தனையைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

50-ம் பக்கத்திலிருந்து பேசுவது ஏதென்ஸின் சட்டங்கள்; அவை மனிதர்போல் வந்து பேசுவதாகச் சாக்ரடீஸ் கற்பனை செய்கிறார். அவற்றின் வாதங்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்: தீர்ப்பை மீறினால் நகரமே குலையும், சட்டங்கள் பெற்றோரைப் போல, பிடிக்காதவன் உடைமைகளோடு வெளியேறலாம் என்பதால் வெளியேறாமல் இருந்தவன் ஒப்புக்கொண்டவனே. மூன்றையும் கலந்தால் எது பலவீனமானது என்று தெரியாது. என் கணிப்பில் பெற்றோர் ஒப்புமைதான் நொண்டுகிறது. மூன்றாவது வாதத்துக்குத்தான் வலு அதிகம். எழுபது வயதுவரை, போருக்குப் போனது தவிர, ஏதென்ஸைவிட்டு அநேகமாக நகராதவர் அவர்.

51-ம் பக்கத்தில் ‘இணங்கவை, அல்லது கீழ்ப்படி’ என்று வரும். இரண்டாம் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கமான பிழை. அதை லியோன் சம்பவத்தோடு ஒட்டிப் பாருங்கள்: அங்கே அநீதி செய்யச் சொன்னார்கள், இங்கே அநீதியைத் தாங்கச் சொல்கிறார்கள். முதலாவதை மறுத்தார், இரண்டாவதை ஏற்றார். ஆனால் ‘அபாலஜி’யின் 29-ம் பக்கத்துச் சூளுரை இந்தச் சூத்திரத்துக்குள் அவ்வளவு சுலபமாக அடங்காது. ஆய்வாளர்களின் சண்டையும் அங்கேதான்.

கடைசியாக 54. அநீதி இழைத்தவை நாங்கள் அல்ல, மனிதர்களே என்கின்றன சட்டங்கள். அந்தக் குரல் காதில் ரீங்கரிப்பதால் வேறெதுவும் கேட்கவில்லை என்கிறார் சாக்ரடீஸ். சட்டங்கள் சொன்ன ஒவ்வொன்றும் அவருடைய கருத்தேதானா என்று இங்கே ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.