கடல் மணலும் ஐந்து ரூபாய்க் குற்றியும்: சிறுவருக்கு விசை, இயக்கம், காந்தம்

தரம் 3, 4 பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் செய்துகாட்ட ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு பலகை, ஒரு போளை, பாய், ஊசி, பழுதான ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் இருந்தால் போதும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: என்ன நடக்கும் என்று பிள்ளை முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் செய்து பார்க்க வேண்டும்.

படி 1: கதவைத் தள்ளச் சொல்லுங்கள், வாளியை இழுக்கச் சொல்லுங்கள். இரண்டும் விசைதான். இதில் அதிக நேரம் போக்க வேண்டாம்.

படி 2: பலகையின் ஒரு முனையைக் கொப்பிகளின் மேல் வைத்து, உச்சியிலிருந்து போளையை விடுங்கள். தள்ளக் கூடாது. சீமெந்துத் தரையிலும் பாயிலும் மணலிலும் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அடிமட்டத்தால் அளந்து எழுதட்டும். மணலில் ஏன் உடனே நின்றது என்று கேட்டால், "களைச்சுப் போச்சு" என்று ஒரு பிள்ளை சொல்லும். மறுக்காதீர்கள். சீமெந்தில் ஏன் களைக்கவில்லை என்று திருப்பிக் கேளுங்கள். உராய்வு என்ற சொல்லை அதற்குப் பிறகு கொடுத்தால் மனதில் நிற்கும்.

படி 3: ஆணி, செம்புக் கம்பி, அலுமினிய மூடி, இலங்கையின் 5 ரூபாய்க் குற்றி ஆகியவற்றைக் காந்தத்திடம் கொண்டுபோங்கள். மூடி ஒட்டாது, மஞ்சள் குற்றி ஒட்டும். 2005 முதல் வந்த மஞ்சள் குற்றிகள் பித்தளை முலாம் பூசிய உருக்கு. 2004க்கு முந்தியது ஒன்று கிடைத்தால் அது ஒட்டாது. ஆண்டைப் பிள்ளைகளே வாசித்துக் கண்டுபிடிக்கட்டும்.

அப்புறம் கடல் மணல். காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, காய்ந்த மணலுக்குள் மெதுவாக இழுங்கள். கறுப்புத் துகள்கள் மீசை போல நிமிர்ந்து நிற்கும். அவை பெரும்பாலும் மக்னடைற்று என்ற இரும்புக் கனிமம். கிழக்குக் கரையில் வாகரை, திருக்கோவில் மணலில் பேசப்படும் இல்மனைற்று என்ற கறுப்புக் கனிமம் இவ்வளவு வலுவாக ஒட்டாது. பையில்லாமல் தொட்டால் காந்தத்தைத் துப்புரவாக்க முடியாது. பொத்தான் அளவுக் காந்தங்களைச் சிறுவர் கையில் கொடுக்கவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஆபத்தாகிவிடும்.

படி 4: ஊசியைக் காந்தத்தால் ஒரே திசையில் முப்பது தடவை தேயுங்கள். ரெஜிபோம் துண்டில் குத்தி, பிளாஸ்டிக் பேசினில் மிதக்க விடுங்கள். ஆடி ஆடி வடக்குத் தெற்காக நிற்கும். சரி பார்ப்பது சுலபம்: மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் சூரியன் உதிப்பது கடல் பக்கம், மேற்கேயுள்ள படுவான்கரையில் வாவிப் பக்கம். அந்தப் பக்கத்தைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் வடக்கு. காந்தத்தை மட்டும் தூர வைத்துவிடுங்கள், கிட்ட இருந்தால் ஊசி அதன் பக்கமே திரும்பும்.