இரவுக் காட்சிகளில் சறுக்கும் இடங்கள்

அமாவாசை என்று ஒரு பத்தியில் எழுதிவிட்டு, அடுத்த பத்தியிலேயே இருபதடி தூரத்தில் நிற்பவளின் கண்ணீரை நாயகன் பார்த்துவிடுவான். வாசகருக்கு அங்கேயே நம்பிக்கை போய்விடும்.

இதில் அதிகம் கோட்டை விடுவது நிலாவிடம்தான். மூன்றாம் பிறை மேற்கே தெரிந்து, பொழுது சாய்ந்த சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அதை நள்ளிரவு வானத்தில் தொங்கவிட முடியாது. முழுநிலா கிட்டத்தட்ட சூரியன் மறையும் நேரத்தில் எழும். பிறகு நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். ஆகவே பௌர்ணமியன்று ஒரு கொலை நடந்து, ஒரு வாரம் கழித்து அடுத்தது நடந்தால், அன்று அரைநிலா எழவே நள்ளிரவு ஆகிவிடும். முன்னிரவு முழுக்க இருட்டு. துப்பறியும் கதை எழுதுபவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி! கதையின் தேதிகளைக் குறித்துவைத்து, பக்கத்திலேயே நிலாவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கண். வெளிச்சமான அறையிலிருந்து இருட்டுக்குள் வருபவருக்குப் பார்வை நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். வந்த வேகத்தில் மரத்தடி ஆளை அடையாளம் காண்பது நடக்காத காரியம். மாறாக, இருட்டிலேயே காத்திருந்தவனுக்கு எல்லாம் தெரியும், வந்தவனுக்கு எதுவும் தெரியாது. பதற்றம் அங்கேதான் இருக்கிறது. மங்கிய ஒளியில் முதலில் கருத்துப்போகும் நிறம் சிவப்பு. நிலவொளியில் சிந்திய ரத்தம் கறுப்பாகத்தான் தெரியும்.

திரையில் சிக்கல் வேறு. பகலில் எடுத்து இரவாகக் காட்டுவது பழைய உத்தி. 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தின் இரவுகள் அப்படி எடுக்கப்பட்டவை; படச்சுருளுக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயம் இல்லாத பிரதிகளில் ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியோடு நடக்கிறது! வெயிலின் கூர்மையான நிழல், வெளுத்த வானம், விளக்கே எரியாத ஜன்னல்கள் இன்றும் இந்த உத்தியைக் காட்டிக்கொடுக்கும். வெயில் பட்டால் காட்டேரி அழியும் என்பதும் பழங்கதை அல்ல, அந்தப் படம் பரப்பியது. 1897-இல் வந்த ‘டிராகுலா’ நாவலில் காட்டேரியான டிராகுலா பிரபு பகலிலும் நடமாடுவார். அதனால் உங்கள் கதையின் இரவுக்கு என்ன விதி என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. 2019-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் நீண்ட இரவுப் போர் பலருக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. இருட்டறையில் நல்ல திரையில் பார்த்துச் செதுக்கியதை, மக்கள் விளக்கு எரியும் கூடத்தில் பார்க்கிறார்கள். இருட்டைக் காட்டவும் ஏதாவது ஒரு மூலையில் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். அது ஜன்னலிலிருந்தா, தெருவிளக்கிலிருந்தா என்பதும் தெரிய வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்கு வருத்தம் தருவது, இரவு என்றாலே பேயும் கொலையும்தான் என்றாகிவிட்டது. மாலை, யாமம், வைகறை என்று நம் இலக்கணம் பிரித்துவைத்த பொழுதுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பத்து மணி இருட்டில் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சி கேட்கும். மூன்று மணிக்குக் குளிர்பதனப் பெட்டியின் முனகல் நின்றால்கூடத் திடுக்கிடும். இரவுப்பணி செவிலியருக்கு அந்த மூன்று மணி பயமே இல்லை. இமை கனக்கும் நேரம், அடுத்த மருந்துக்கு இன்னும் ஒரு மணி இருக்கும் நேரம். அவரை நாயகியாக வைத்து ஒரு காட்சி எழுதிப் பாருங்கள்.