மலைக்காட்டு ஆற்றங்கரையில் ஓர் இரவு தங்குவது எப்படி

மலைக்காட்டில் ஓர் ஆற்றின் கரையில் எளிய முறையில் தங்க விரும்புகிறவர், பாயையும் கம்பளியையும் எடுத்து வைப்பதற்கு முன்பே, தங்கப் போகும் நிலம் யாருடையது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதே குற்றம்; அங்கே நாமாக ஓரிடத்தைத் தேர்ந்து கூடாரம் அடிக்க வழியில்லை. ஆகவே, கோவை மாவட்டத்தில் பில்லூர் அணையை ஒட்டியுள்ள பூச்சமரத்தூர் போன்ற வனத்துறையின் சூழல் சுற்றுலா இடங்களுக்கு முன்பதிவு செய்து போகலாம். அல்லது காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடும் அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவித்தும் தங்கலாம். பட்டா நிலம் என்பதாலேயே ஆபத்து விலகிவிடாது. வயநாட்டின் மேப்பாடியில் 2021 ஜனவரியில், காட்டோரக் கூடார விடுதி ஒன்றில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி உயிரிழந்தார். உள்ளூர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வதை நான் கட்டாயம் என்றே சொல்வேன். பில்லூர்ப் பகுதியில் இருளர் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எந்தத் துறையில் யானை இறங்கும், எந்த மடுவில் சுழல் இருக்கும் என்பது மனப்பாடம்.

காலத்தைப் பொறுத்தவரை, பவானி போன்ற மேற்கு மலைத்தொடர் ஆறுகளுக்கு மார்கழிப் பிற்பாதியிலிருந்து மாசித் தொடக்கம் வரையிலான நாள்களே ஏற்றவை. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் ஆற்றைப் பெருக்கிவிடும். மாசி முதிர்ந்தால் புல் காய்ந்து காட்டுத்தீயின் பருவம் தொடங்கிவிடும்.

இனி, படுக்கும் இடத்தைத் தேர்வது. என் அனுபவத்தில் மற்ற எல்லாக் குறைகளையும் பொறுத்துக்கொண்டு இரவைக் கழித்துவிடலாம். இடம் தவறினால் மட்டும் மாற்று இல்லை. ஆற்றோரத்து வெண்மணல் மெத்தை போலத் தெரியும். ஆனால் அந்த மணலைக் கொண்டுவந்து பரப்பியதே வெள்ளம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. கரைக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்து, நீர்மருது, நாவல், புங்கன் மரங்களின் கிளைகளைக் கவனியுங்கள். கிளைக் கவட்டில் காய்ந்த புல்லும் சுள்ளியும் கிழிந்த துணியும் ஒரே பக்கமாகச் சீவிவிட்டது போலச் சிக்கிக்கிடக்கும். அதன் நுனிகள் எல்லாம் ஆறு ஓடும் திசையையே காட்டும். ஆற்று நீர் அதுவரை உயர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சில இடங்களில் அந்தக் குப்பை ஆள் உயரத்துக்கு மேலே தொங்குவதைக் காணலாம். அடிமரத்தில் பட்டையின் நிறம் மாறும் கோட்டையும், பாறையில் சேறு படிந்து உலர்ந்த விளிம்பையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்து, மிக உயர்ந்த அடையாளத்துக்கும் மேலே மேடான ஓரிடத்தில் படுக்கையை விரிக்க வேண்டும். இரு புறமும் நீர் ஓடும் ஆற்றிடைத் திட்டில் எக்காரணத்தைக் கொண்டும் தங்கக் கூடாது.

வானம் தெளிவாக இருப்பதை நம்பிவிட வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றதற்கு, மேலே மலையில் பெய்த மழையே காரணம். அணைக்குக் கீழேயுள்ள கரைகளில் மழையே இல்லாமலும் நீர் உயரும். பில்லூர் அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. நீர்மட்டம் 97 அடியைத் தொட்டதும் உபரி நீரைத் திறந்துவிடுவார்கள் என்பதால், மேட்டுப்பாளையம் பக்கத்துக் கரைகளில் சற்று முன்பு கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் சிறிது நேரத்தில் இடுப்புக்கு வந்துவிடும். ஒருமுறை இரவு உணவுக்குப் பின் சோற்றுப் பானையை ஊறட்டும் என்று நீர் விளிம்பில் இரண்டு கற்களுக்கிடையே வைத்துவிட்டு நாங்கள் மேட்டில் படுத்துவிட்டோம். விடியலில் போய்ப் பார்த்தபோது பானையும் இல்லை, கற்களும் தெரியவில்லை. இரவு முழுவதும் எங்கள் தலைக்கு மேல் நட்சத்திரங்கள்தான் இருந்தன. அன்றிலிருந்து, மாலையில் நீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி, விழிக்கும்போதெல்லாம் மேட்டில் நின்றே விளக்கடித்து அதைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நீர் கலங்கினாலோ, சருகும் நுரையும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ, பொருள்களை எடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மேடேறிவிட வேண்டும்.

ஆற்றின் இரைச்சலுக்கு இன்னொரு தீமையும் உண்டு: யானை கிளை முறிக்கும் ஓசையை அது விழுங்கிவிடும். எனவே அருவி போல விழுந்து ஓடும் பகுதியை விட்டு, நீர் அமைதியாகத் தவழும் வளைவுக்கு எதிரே தங்குவது நல்லது. ஆற்றில் இறங்கும் தடங்கள், ஈரம் காயாத இலத்தி, யானை உரசியதால் உயரம் வரை சேறு பூசிய மரங்கள், மூங்கில் புதர்கள் ஆகியவை இருக்கும் இடம் நமக்குரியதன்று. பட்டுப்போன கிளைகளை உடைய மரத்தடியையும் தவிர்க்க வேண்டும். மோயாறு, அமராவதி, காவிரி ஆகிய ஆறுகளில் முதலைகள் உண்டு. உள்ளூர்க்காரர் கைகாட்டாத துறையில் குளிக்க இறங்கக் கூடாது.

கூடாரம் இல்லாதவர்களுக்கு ஒரு தார்ப்பாயும் இருபது முழக் கயிறும் போதும். இரண்டு மரங்களுக்கிடையே மார்பளவு உயரத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டி, தார்ப்பாயை அதன்மேல் கூரை போலப் போட்டு, நான்கு மூலைகளையும் முளையடித்து இழுத்துக் கட்ட வேண்டும். மலையிடுக்கில் பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசும். பொழுது சாய்ந்ததும் குளிர்ந்த காற்று ஆற்றின் போக்கிலேயே கீழ்நோக்கி இறங்கும். ஆகவே கூரையின் தாழ்ந்த பக்கம் ஆற்றின் மேற்போக்கைப் பார்த்திருக்கவும், அடுப்பு படுக்கைக்குக் கீழ்ப்போக்கில் இருக்கவும் அமைத்தால் குளிரும் புகையும் நம்மைத் தீண்டா. தரையில் முதலில் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் கம்பளி என்று விரித்து, கொசுவலையைக் கட்டி, அதன் விளிம்பைப் பாய்க்கடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும் பாம்பு. செருகிய கொசுவலை அதற்கு நல்ல தடுப்பு.

சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்பையே நான் பரிந்துரைப்பேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை அந்த மலையைப் பார்த்தவர்கள் அறிவார்கள். நில உரிமையாளரும் வனத்துறையும் அனுமதித்து விறகு எரிப்பதானால், புல்லைச் செதுக்கிய வெறும் மண்ணில், தானாக விழுந்த சுள்ளிகளை மட்டும் கொண்டு சிறு தீயாக மூட்ட வேண்டும். அடுப்புக்கு ஆற்றுக்குள் கிடக்கும் ஈரக் கற்களை எடுக்கக் கூடாது. உள்ளே ஊறிய நீர் ஆவியாகி, கல் வெடித்துச் சில்லுகள் முகத்தில் தெறிக்கும். கணு மூடிய பச்சை மூங்கிலும் அப்படியே வெடிக்கும்.

யானையை வாசனையால் இழுக்கும் வாழைப்பழம், பலாப்பழம், கரும்பு, வெல்லம் ஆகியவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம். மீதி உணவையும் அரிசி, உப்பு மூட்டையையும் படுக்கைக்கு அருகில் வைக்காமல், நில உரிமையாளரின் வீட்டிலோ பூட்டிய வண்டியிலோ வைக்க வேண்டும். ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும், துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டே குடிக்க வேண்டும். பாத்திரத்தையும் உடலையும் ஆற்றுக்குள் சோப்பு போட்டுக் கழுவாமல், நீரை மொண்டு கரையிலிருந்து தள்ளிக் கழுவ வேண்டும். மலம் கழிக்க நீரிலிருந்து எழுபது தப்படியாவது விலகிப் போய், முக்கால் சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி, பின்பு மூடிவிட வேண்டும். கீழே உள்ள ஊர்கள் இந்த நீரையே குடிக்கின்றன.

அட்டைக்குப் புகையிலை நீரில் நனைத்த காலுறையோ, கடித்த இடத்தில் ஒரு சிட்டிகை உப்போ போதும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் புதரிலுள்ள சிற்றுண்ணிகள் கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிய ஒன்றிரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்து, அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு தெரிந்தால், காட்டில் தங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உரிய மருந்தால் அது எளிதில் குணமாகும். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மலைப்பாதையில் கைப்பேசிச் சிக்னல் எந்த வளைவில் அறுந்துபோகிறது என்பதை வரும் வழியிலேயே குறித்துக்கொண்டால், 108-ஐ அழைக்க எதுவரை ஓட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

இருட்டிய பின் நீரோரம் போகாமல், பாட்டும் கூச்சலும் இல்லாமல், ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருப்பது நல்லது. யானை வந்துவிட்டால் விளக்கை அதன் முகத்தில் அடிக்காமல், பொருள்களை விட்டுவிட்டு, ஓசையின்றி வீட்டுக்கோ வண்டிக்கோ போய்விட வேண்டும்.

விடிந்ததும் அடுப்பில் நீரூற்றிக் குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றி, சாம்பலின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு சிறிதும் தெரியாத அளவுக்குக் குளிர்ந்த பிறகே அதன்மேல் மண்ணைத் தள்ளி, கற்களை எடுத்த இடத்தில் போட்டுவிட்டு, கொண்டுவந்த ஒவ்வொரு பொட்டலத் தாளையும் பையில் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.