பிள்ளைகளின் உடற்பருமன்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என்ன, பிள்ளை இப்படி மெலிஞ்சு போனான்? வீட்டில சாப்பாடு குடுக்கிறேல்லையா?" கல்யாண வீட்டுப் பந்தியிலோ கோணேசர் கோவில் வாசலிலோ யாராவது இப்படிக் கேட்டுவிட்டால் அந்தத் தாய்க்கு அன்றிரவு நித்திரை வராது. அடுத்த நாளிலிருந்து பிள்ளையின் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோறு விழும். பாலில் மோல்ட் மாவும் சீனியும் கூடும். திருகோணமலையில் பிள்ளைகளின் உடற்பருமனைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் முதலில் கொத்து ரொட்டியையும் போனையும்தான் குற்றம் சொல்கிறார்கள். என் கணிப்பில் தவறு அதற்கு எவ்வளவோ முன்னால், மெலிந்த பிள்ளையைக் கண்டதும் நமக்கு வருகிற பயத்தில் தொடங்குகிறது.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1990இலும் 2006இலும் போரால் இடம்பெயர்ந்து, முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்று அம்மம்மாக்களாகவும் அப்பப்பாக்களாகவும் வீட்டில் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் வீடும் வள்ளமும் இழந்த குடும்பங்கள் கரையோரம் முழுக்க உண்டு. 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் நின்ற வரிசையை நாமே மறக்கவில்லை. பசியைப் பார்த்தவர்களுக்கு, கன்னம் உப்பிய பேரப்பிள்ளை கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். அவர்களோடு சண்டை பிடித்துப் பயனில்லை. பிள்ளை எப்படி வளர்கிறது என்ற கணக்கைத் தெரிந்துகொண்டு, அதைப் பொறுமையாக அவர்களுக்கும் சொல்லவேண்டும்.

கணக்கு இதுதான். பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோவைத் தொடும். நிறை மூன்று மடங்காகும் அந்த வேகம் பிறகு வராது. இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோதான் கூடும், உயரமோ ஆறேழு சென்ரிமீற்றர் ஏறும். வேகம் குறைவதால் பசியும் குறையும். கன்னம் வற்றும், தொந்தி உள்ளே போகும், குளிப்பாட்டும்போது விலா எலும்பு தெரியும். ஐந்து, ஆறு வயது வரை இப்படி மெலிந்துகொண்டே போய், அதன் பிறகு மெல்ல மெல்லச் சதை வைக்கத் தொடங்குவதுதான் இயல்பான வளர்ச்சி. இந்தத் திருப்பம் ஐந்து வயதுக்கு முன்னரே வந்துவிடுகிற பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் உடற்பருமன் வருகிற வாய்ப்புக் கூட. நாமோ சரியாக அந்த மூன்று, நான்கு வயதில்தான் "பிள்ளை வற்றிப் போச்சு" என்று திணிக்கிறோம். இயற்கை மெலிய வைக்கிற நேரத்தில் நாம் கொழுக்க வைக்கிறோம்.

இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே முதல் தவறு. பிள்ளை பிறந்ததும் தருகிற கிளினிக் கொப்பி ஊசித் திகதி பார்ப்பதற்கு மட்டும் உரியதல்ல. அதில் வயதுக்கேற்ற நிறை, வயதுக்கேற்ற உயரம், உயரத்துக்கேற்ற நிறை என்று தனித்தனி வரைபுகள் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் முதலாவதை மட்டும் பார்த்து, கோடு மேலே போனால் சந்தோஷப்படுகிறோம். பிள்ளை பருமனா என்பதைச் சொல்வது மூன்றாவது வரைபு. அதில் ‘கூட்டல் இரண்டு’ (+2) என்று குறித்த கோட்டைத் தாண்டினால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நிறை அதிகம் என்று அர்த்தம். அடுத்தமுறை மிட்வைஃப் நிறை எடுக்கும்போது உயரமும் அளந்து அந்த வரைபில் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பாடசாலை போன பிறகு முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் ஆண்டுகளில் மருத்துவப் பரிசோதனை நடக்கும். அதில் பிள்ளைக்கு நிறை கூட என்று குறித்து அனுப்பினால், அதைப் புத்தகப்பையில் கசங்க விடாமல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். நம் மாவட்டத்தில் உண்மையாகவே போதிய நிறையில்லாத பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பருமனாகவும் தங்கச்சி நிறை குறைந்தும் இருக்கலாம். இதை வாசித்துவிட்டு மெலிந்த பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். வரைபு சொல்வதைக் கேளுங்கள்.

அடுத்தது, ஊட்டுகிற விதம். கையில் போன், போனில் கார்ட்டூன். வாய் தானாகத் திறக்கும், சோற்று உருண்டை உள்ளே போகும், பிள்ளை திரையை விட்டுக் கண்ணெடுக்காது. கோப்பை வெறுமையானதும் அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் அந்த அரை மணி நேரமும் பிள்ளை தன் வயிறு நிறைந்ததைக் கவனிக்கவேயில்லை. போதும் என்று வயிறு சொல்கிற சேதியைக் கேட்டுச் சாப்பாட்டை நிறுத்தும் பழக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே உண்டு. திரையாலும் "இன்னும் ரெண்டு வாய், அம்மாக்காக" என்ற கெஞ்சலாலும் அந்தப் பழக்கத்தை நாமே அழித்துவிடுகிறோம். பிறகு பத்து வயதில் "எவ்வளவு குடுத்தாலும் போதாது எண்டுறான்" என்று குறைப்படுகிறோம். என்ன சாப்பாடு, எந்த நேரம், எங்கே இருந்து சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரு நேரம் குறையச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, அடுத்த நேரம் பசியோடு வரும். நடுவில் பிஸ்கட் பெட்டியை எட்டாத இடத்தில் வைத்தால் சரி.

பிஸ்கட் என்றதும், ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குப் பால் போத்தலில் பிஸ்கட் கரைத்துக் கொடுப்பதை இன்னும் பார்க்கிறேன். அது மாவும் சீனியும்தான். அந்த வயதில் நன்றாக மசித்த சோறு, பருப்பு, கீரை, முள் எடுத்த மீன், முட்டை எல்லாம் படிப்படியாகப் பழக்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு நாள் முழுக்கப் பால் போத்தலோடு திரிகிற பிள்ளைக்குச் சோற்றுப் பசியும் வராது, இரும்புச்சத்தும் குறையும்.

குடிக்கிற சீனியைத்தான் நம் வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் சீனி போட்ட பால், இடைவேளைக்குப் பெட்டி ஜூஸ், ரியூசனுக்குப் போகும்போது ஒரு பால் பக்கற், பின்னேரம் தேத்தண்ணி. போத்தல் பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டும் முறை இலங்கையில் 2016இல் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், அதற்கும் குறைவென்றால் பச்சை. சிவப்பு இல்லைத்தானே என்று செம்மஞ்சள் போத்தலை எடுத்துக் கொடுக்கிறவர்களே அதிகம். கணக்குப் பார்ப்போம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள பானத்துக்கும் செம்மஞ்சள்தான். அதில் 300 மில்லிலீற்றர் குடித்தால் 30 கிராம் சீனி, அதாவது ஆறேழு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் நல்லதென்று சொல்கிற அளவு, வளர்ந்தவருக்கே ஏறத்தாழ 25 கிராம். நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். போத்தலின் அளவையும் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குத் தண்ணீரும் இளநீரும் இருக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புச் சேர்த்த மோர் இருக்கிறது. தோடம்பழத்தைப் பிழிந்து சீனி போட்டுக் கொடுப்பதைவிட, உரித்துச் சுளையாகக் கொடுப்பது நல்லது.

வெளிநாட்டிலிருந்து வருகிற சொக்லேற் இன்னொரு சங்கடம். கட்டாரிலோ சவூதியிலோ இரண்டு வருடம் தனியாகக் கிடந்து உழைத்துவிட்டு வருகிற அப்பா, பெட்டி நிறையப் பாசத்தைக் கொண்டுவருகிறார். அதைத் தடுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பெட்டியைப் பிள்ளையிடம் முழுதாகக் கொடுக்காமல் அயல் வீடுகளுக்கும் பங்கிட்டு, மிச்சத்தை வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கொடுக்கலாம். அப்பா நிற்கிற அந்த ஒன்றிரண்டு மாதமும் பிள்ளையோடு பின்னேரங்களில் பந்தடித்தால், பெட்டியில் வந்ததைவிட அதைத்தான் பிள்ளை நினைவில் வைத்திருக்கும். "மரக்கறி சாப்பிட்டால் ஐஸ்கிரீம்" என்ற பேரமும் வேண்டாம். மரக்கறி தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடும்.

இனி, என்னை அதிகம் கவலைப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் ஆண்டிலிருந்தே புலமைப்பரிசில் பரீட்சைக்கான ஓட்டம் தொடங்கிவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவசரமாக ஒரு கோப்பை சோறு, பிறகு ரியூசன், வழியில் ஒரு ரோல்ஸோ பற்றிஸோ, இருட்டின பிறகு வீடு, வீட்டில் மாதிரி வினாத்தாள், பத்தரைக்குப் படுக்கை. எட்டிலிருந்து பத்து வயது வரை, உடல் மீண்டும் சதை வைக்கத் தொடங்கியிருக்கும் வயதில், இரண்டு வருடம் பிள்ளையைக் கதிரையில் கட்டிப்போடுகிறோம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தினமும் குறைந்தது 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நித்திரையும் இந்த வயதில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஓமோன் கூடும், அடுத்த நாள் இனிப்பைத்தான் மனம் தேடும். வாரத்தில் இரண்டு ரியூசன் வகுப்பைக் குறைத்து அந்த நேரத்தில் விளையாட விட்டால் பிள்ளையின் மூளைக்கும் நல்லதுதான். வெட்டுப்புள்ளிக்காகப் பிள்ளையின் உடம்பைப் பணயம் வைக்கிறோம் என்பதைப் பெற்றோர் கூட்டங்களில் யாராவது எழுந்து சொல்லவேண்டும்.

விளையாட இடமில்லை என்று திருகோணமலையில் இருப்பவர்கள் சொல்லமுடியாது. நாலரை மணிக்கு வெயில் தணிந்தால் டச்பே கடற்கரை முழுக்க மைதானம்தான். ஆனால் நாம் அங்கே போய் என்ன செய்கிறோம்? பாய் விரித்து இருந்து, வடையும் ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்து, ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். ஒரு பந்தைக் கொண்டுபோங்கள். கொறிக்க ஏதாவது வேண்டுமென்றால் ஒரு சுருள் கச்சான் போதும். வெள்ளிக்கிழமை கோணேசர் கோவிலுக்குப் போகும்போது கோட்டை வாசலிலேயே ஓட்டோவை விட்டிறங்கி, மான்களைப் பார்த்தபடி மேலே நடந்து ஏறுங்கள். மாரி மழையில் வெளியே போக முடியாத நாட்களுக்குக் கயிறடித்தலும், வீடு கூட்டுவதில் பங்கும் உண்டு.

வீட்டுச் சமையலில் பெரிதாக மாற்றத் தேவையில்லை. கீரி, சூடை, நெத்தலி மலிவாக வருகிற ஊரில் பிள்ளைக்குச் சோசேஜஸ் பொரித்துக் கொடுப்பது எனக்கு விளங்குவதேயில்லை. இரவுக்கு இடியப்பமோ புட்டோ என்றால் ஒரு பங்கைக் குறைத்து, மீனோ முட்டையோ பருப்போ கீரையோ கூட்டினால் போதும். முக்கியமானது, பருமனான பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு வைக்காமல் இருப்பது. தம்பி முன்னால் இருந்து மிக்சர் கொறிக்க, அண்ணனுக்கு வெள்ளரிக்காய் என்றால் அவன் ஒளித்துத்தான் தின்பான். வீட்டில் வாங்காத பொருளுக்குத் தடை போடவும் தேவையில்லை.

"குண்டன்", "யானைக்குட்டி" என்ற பட்டப்பெயர்களை வீட்டில் யாரும், மாமாவோ சித்தப்பாவோ, செல்லமாகக்கூடச் சொல்ல விடாதீர்கள். கேலிக்குள்ளாகும் பிள்ளை மெலிவதில்லை. வெட்கத்தில் விளையாட்டை விடுகிறது, தனியாக இருந்து சாப்பிடுகிறது, நிறை இன்னும் கூடுகிறது.

அதேபோல், பருமன் என்று தெரிந்ததும் பட்டினி போடுவதும் பெரிய தவறு. வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் நிறையைக் குறைக்கவே தேவையில்லை, கூடாமல் நிறுத்தினால் போதும். ஒன்பது வயதுப் பையன் 130 சென்ரிமீற்றர் உயரம், 36 கிலோ நிறை என்று வைப்போம். அவனுடைய உடற்திணிவுச் சுட்டி (BMI, அதாவது கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இருமுறை பிரித்தால் வருவது) 21.3, அந்த வயதுக்கு அது உடற்பருமன். ஒரு வருடத்தில் ஆறு சென்ரிமீற்றர் உயர்ந்து நிறை அதே 36 கிலோவில் நின்றால் சுட்டி 19.5க்கு இறங்கிவிடும். பத்து வயதுக்கு அது இன்னும் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் உடற்பருமன் என்ற கோட்டுக்குக் கீழே வந்துவிட்டான். அவன் உயர்வதற்கு நாம் நேரம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

சில அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் கழுத்துக்குப் பின்னாலும் கமக்கட்டிலும் தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் போல இருந்தால், அதை அழுக்கு என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறோம், மஞ்சள் பூசுகிறோம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. நீரிழிவு நெருங்குகிறதா என்று இரத்தம் சோதித்துப் பார்க்கவேண்டும். இரவில் பெரிதாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழும்பினாலும், முழங்காலோ இடுப்போ நோகிறதென்று நொண்டினாலும் வைத்தியரிடம் காட்டவேண்டும். அதிகம் சாப்பிட்டுப் பருத்த பிள்ளைகள் பொதுவாக வயதுக்கு உயரமாகவே இருப்பார்கள். பருமனாகவும் இருந்து, கூடப் படிப்பவர்களைவிடக் கட்டையாகவும் இருந்தால் தைரொயிட் போன்ற ஓமோன் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். போகும்போது கிளினிக் கொப்பியையும் பாடசாலைப் பரிசோதனையில் தந்த துண்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். இன்றைய நிறையை வைத்தியர் அங்கேயே எடுத்துவிடுவார், கோடு எந்த வயதில் மேலே திரும்பியது என்பதை அந்தக் கொப்பியில்தான் பார்க்கமுடியும்.