கடிகாரம் காட்டுவது இதயத் துடிப்பா, காலடிக் கணக்கா?

நண்பரோடு பேசிக்கொண்டே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கவில்லை. கடிகாரமோ நிமிடத்துக்கு 174 துடிப்பு என்று காட்டியது. பயந்துபோய் நின்று, கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். 15 விநாடியில் 34. நான்கால் பெருக்கினால் 136. அந்த 174 என் கால்களின் கணக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி சற்றே கூடிக் குறையும். அதைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. ஓடும்போது கை வீச்சில் கடிகாரம் குலுங்கினால் ஒளி காலடிக்கு ஏற்பவும் மாறும். பலர் ஓடும்போது நிமிடத்துக்கு 150 முதல் 180 அடி வரை எடுத்து வைக்கிறார்கள். இதயத் துடிப்பாகவும் இருக்கக்கூடிய எண் அது. கடிகாரம் ஏமாறுவது இங்கேதான்.

படி 1: தவறு எது என்று உறுதி செய்யுங்கள்

ஓடி முடித்ததும் செயலியைத் திறந்து, துடிப்பின் கோட்டையும் காலடியின் கோட்டையும் (கேடன்ஸ் என்று இருக்கும்) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். ஓட்டத்தின் நடுவில் சோதிக்க, நின்றவுடன் கழுத்தில் 15 விநாடி எண்ணுங்கள். தாமதிக்கக் கூடாது, நின்ற சிறிது நேரத்திலேயே துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும்.

நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ இருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். கடிகாரம் என்ன காட்டினாலும் ஓட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவ உதவி பெறுங்கள்.

படி 2: கட்டும் இடத்தை மாற்றுங்கள்

பெரும்பாலான தொல்லை இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் கடிகாரம் உட்கார்ந்தால் ஓரத்தில் இடைவெளி விழும், வெளி வெளிச்சம் உள்ளே புகும். எலும்பிலிருந்து ஒன்றிரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கமாக ஏற்றிக் கட்டுங்கள். கையை உதறிப் பாருங்கள்: கடிகாரம் தோலோடு சேர்ந்து அசைய வேண்டும், தோலின் மேல் வழுக்கக் கூடாது. விரல் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கவும் வேண்டாம். ஓடி முடித்ததும் தளர்த்திவிடுங்கள்.

சென்சாரில் படிந்த வியர்வையையும் களிம்பையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியை மறைக்கும். மற்றக் கையில் கட்டிப் பாருங்கள்.

படி 3: கையைச் சூடாக்குங்கள்

குளிரில் தோலுக்கு வரும் இரத்தம் குறைந்துவிடும், கடிகாரத்துக்குக் கிடைக்கும் தகவலும் மங்கும். பத்து நிமிடம் நடந்தும் மெல்ல ஓடியும் உடலைச் சூடாக்கிய பிறகு பதிவைத் தொடங்குங்கள்.

படி 4: தேவையென்றால் நெஞ்சுப்பட்டை

வேகமாக ஓடி, நின்று, மறுபடி வேகமெடுக்கும் பயிற்சியில் மணிக்கட்டுச் சென்சார் பின்தங்கிவிடும். 30 விநாடி வேக ஓட்டத்தின் உச்சத்தை, நீங்கள் நின்ற பிறகுகூடக் காட்டும். இத்தகைய பயிற்சி செய்பவர்களுக்கு நெஞ்சுப்பட்டையையே பரிந்துரைப்பேன். அது ஒளியை நம்புவதில்லை; ஈசிஜி போல இதயத்தின் மின்னோட்டத்தையே உணர்கிறது. கட்டுவதற்கு முன் தோலைத் தொடும் பகுதிகளைத் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த பட்டை, வியர்க்கும் வரை தாறுமாறான எண்களைக் காட்டும். பிறகு கடிகாரத்தின் அமைப்புகளில் சென்சார் சேர்க்கும் இடத்துக்குப் போய், புளூடூத் வழியாக இணையுங்கள்.

பட்டை கட்டிக்கொண்டு அதே பாதையில், அதே மெதுவான வேகத்தில் ஓடினேன். துடிப்பு 138-ஐத் தாண்டவில்லை. காலடிக் கோடு மட்டும் மேலே, 174-க்கு அருகில், தனியாகப் போய்க்கொண்டிருந்தது.