ஏர் ரைஃபிள் பழக வீட்டில் முதலில் என்ன வாங்க வேண்டும்?

என் மகள் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது ஏர் ரைஃபிள் கேட்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நானே அலைந்து கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு பழைய நீள வீடு. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுப்படி, புறவாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வரும். பத்து மீட்டர் சுடுவதற்கு இதைவிட வசதியான வீடு கிடையாது.

முதலில் சட்டம். 4.5 மி.மீ. குழலும், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாததும் ஆன ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 5.5 மி.மீ. என்றால் கதையே வேறு. அந்தப் பக்கம் போகாதீர்கள். போட்டி ரைஃபிள்களே 20 ஜூலில் பாதியைக்கூட எட்டாது. அதனால் "பவர் ஜாஸ்தி சார்" என்று கடைக்காரர் சொன்னால் அது நமக்குத் தேவையில்லாத விஷயம். வயக்காட்டு மயில், புறா, கூந்தன்குளத்துக்கு வருகிற பறவை எதையும் இதை வைத்துக் குறிபார்க்கக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லித் தரவேண்டியதே அதுதான்.

அடுத்து ரைஃபிள். உடனே வாங்காதீர்கள். முதல் மூன்று மாதம் ஏதாவது ஒரு ரைஃபிள் கிளப்பில் அவர்களுடைய துப்பாக்கியிலேயே சுடட்டும். பிள்ளையின் கை நீளம், கழுத்து, கன்னம் எங்கே படுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அப்புறம் வாங்கும்போது ஸ்பிரிங் ரைஃபிள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் அடிப்பதில் துப்பாக்கி குலுங்கும்; தப்பு பிள்ளையுடையதா துப்பாக்கியுடையதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. காலியாகவும் சுடக்கூடாது, ஸ்பிரிங் கெட்டுவிடும். காற்றடைத்த சிலிண்டர் உள்ள போட்டி ரைஃபிளில் குண்டு போடாமலே டிரிகர் பழகும் வசதி உண்டு. என் மகளின் பயிற்சியில் முக்கால்வாசி அப்படித்தான், வெறும் சுவரைப் பார்த்து.

புதிது விலை தாங்காது. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டைர் இந்தக் கம்பெனிகளுடையதில் பழையது கிடைத்தால் நல்லது. பழையது வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து வருடம்தான் அதன் ஆயுள். காலாவதி ஆகியிருந்தால் புது சிலிண்டர் விலையைச் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். எடை 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பது போட்டி விதி. சின்னப் பிள்ளைக்கு அதைவிட நன்றாகக் குறைந்த ஜூனியர் மாடல் பார்க்கவும். தொலைநோக்கி வேண்டாம், போட்டியில் அனுமதி கிடையாது.

இப்போது நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்ட இடம். குழலின் முனையில் ஒரு சின்னக் கூடு இருக்கும். அதற்குள் ஒரு வளையம். பின்னால் கண் வைக்கும் ஓட்டை வழியே பார்த்தால், அந்த வளையத்துக்கு நடுவே, நாம் சுடுகிற குறி அட்டையின் கறுப்பு வட்டம் தெரிய வேண்டும். ரைஃபிளோடு பல அளவு வளையங்கள் ஒரு சின்ன டப்பாவில் வந்தன. குறி கூர்மையாக இருக்குமே என்று நான் ஆகச் சின்னதாகப் பார்த்து மாட்டிவிட்டேன். "அப்பா, கறுப்பு உள்ளேயே நிக்க மாட்டேங்குது, ஓடிக்கிட்டே இருக்கு" என்பாள். நிற்கும் முறை சரியில்லை என்று நினைத்து அவளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அட்டையின் கறுப்பு 30.5 மி.மீ., தூரம் 10 மீட்டர். கண்ணிலிருந்து முன் வளையம் சுமார் 85 செ.மீ. அப்படியானால் வளையம் இருக்கிற இடத்தில் கறுப்பு ஏறக்குறைய 2.6 மி.மீ. அளவுக்குத் தெரியும். நான் மாட்டியிருந்தது 3.2. சுற்றிலும் 0.3 மி.மீ. வெள்ளைதான் மிச்சம். கை துளி அசைந்தாலும் கறுப்பு விளிம்பில் போய் ஒட்டும். கண் பதறும், விரல் அவசரப்படும். 4.2 வளையத்தை மாட்டிக் கொடுத்தேன். வெள்ளை அகலமாகத் தெரிந்தது. பத்து குண்டு சுட்டுவிட்டுத் திரும்பி, "இப்ப நிக்குது" என்றாள், அவ்வளவுதான். அவளை இரண்டு மாதம் வீணாகத் திட்டியது இன்னும் எனக்கு உறுத்துகிறது. தொடக்கத்தில் பெரிய வளையம் போடுங்கள். சின்னதுக்கு மாறுவதைப் பிள்ளையே கேட்கட்டும்.

அட்டையை வீட்டில் பிரிண்ட் எடுத்தால் ஸ்கேல் வைத்துக் கறுப்பை அளந்து பாருங்கள். பேப்பருக்கு ஏற்றபடி பிரிண்டர் தானாகச் சுருக்கிவிடும். அட்டையின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும்.

பெல்லட், அதாவது ஏர் ரைஃபிள் குண்டு, தட்டைத் தலை உள்ளதாக, 0.53 கிராம் அளவில் வாங்கவும். நான் ஆர்.டபிள்யூ.எஸ். கம்பெனியின் பயிற்சிப் பெல்லட்டோடு நின்றுவிட்டேன். 4.49, 4.50 என்று தலை அளவு தேடி மண்டையை உடைப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். டப்பாவைக் கீழே போட்டால் மட்டும் பாவாடை போல இருக்கும் பின்விளிம்பு நசுங்கிவிடும். அவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தட்டில் கை வைக்க விடாதீர்கள்.

குண்டு பிடிக்கும் பெட்டியை வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டேன். பின்புறம் 3 மி.மீ. இரும்புத் தகடு, குண்டு கீழே விழுமாறு சாய்த்து வைத்தது. முன்னால் பழைய வேட்டி மடிப்பு. அதைப் புறவாசலில், கெட்டிச் சுவரை ஒட்டி வைத்தேன். அடுப்படிக்குள் ஈயத்தூள் வரக்கூடாது. பெட்டி இருக்கிற இடத்தில் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சுடும் நேரத்தில் பக்கக் கதவு எல்லாவற்றுக்கும் உள்தாழ்ப்பாள். ஒருமுறை ஆச்சி காப்பித் தம்ளரோடு ரெண்டாங்கட்டுக்குள் வந்துவிட்டார்கள். நல்லவேளை, அப்போது குழலில் ஆரஞ்சுக் கயிறு போட்டிருந்தோம். அந்தக் கயிறு உள்ளே இருந்தால் குண்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இருபது ரூபாய்க்கும் குறைவான பொருள். நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான்.

கெட்டியான ஜாக்கெட், கால்சட்டை, ஷூ எல்லாம் ஒரு வருடம் கழித்துப் போதும். வளரும் பிள்ளைக்கு அளவு மாறிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் அந்த ஜாக்கெட்டைப் போட்டு நிற்கவும் முடியாது. இடது கைக்கு ஒரு கிளவுஸ் வாங்கினால் ஆரம்பிக்கலாம்.

பின்சேர்க்கை: காற்று அடைப்பதைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கைப்பம்பு போதும், 200 பார் அழுத்தம் வரை மெதுவாக, நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு அடிக்கவும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் காற்றோடு ஈரமும் உள்ளே போகும், அந்த மாதங்களில் கிளப்பில் அடைத்துக்கொள்வது நல்லது. ஒருவர், பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதே, அதிலிருந்து பிடிக்கலாமா என்று கேட்டார். அண்ணாச்சி, கூடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் துளி எண்ணெயைத் தொட்டாலே வெடிக்கும், அதுவும் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில். வெறும் காற்று மட்டும்தான். பம்பின் இணைப்புகளிலும் சாதாரண எண்ணெய் விடாதீர்கள். பம்போடு கொடுத்த சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள்.