அடிமைப் பதிவேடுகளில் உடற்குறிகளை வாசிப்பது எப்படி

மாட்டின் தொடையிலுள்ள சூட்டுக்குறி அதன் உடைமையாளர் யார் என்பதைச் சொல்லுமே தவிர, அது எந்தப் பட்டியில் பிறந்தது என்பதைச் சொல்லாது என்பதைப் மட்டக்களப்பின் படுவான்கரையில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அதே இரும்பு மனிதர்மீது பட்டதை எழுதவே மனம் கூசுகிறது. ஆயினும் அடிமைகொள்ளப்பட்ட ஆபிரிக்கரைப் பற்றிய ஆவணங்களை வாசிக்க அமரும் நம் மாணவர் முதலில் பிரித்தறிய வேண்டியது, உடைமையாளரைக் காட்டும் குறி எது, பிறந்த சமூகத்தைக் காட்டும் குறி எது என்பதையே.

ஆகவே தாளில் இரண்டு நிரல்களை வரைந்துகொள்ளுங்கள். உடைமையாளர் சுட்ட எழுத்துகள் ஒன்றில் வரட்டும்: இங்கிலாந்தின் அரச ஆபிரிக்கக் கம்பனி அதன் தலைவரான யோர்க் கோமகனை (Duke of York) குறிக்கும் 'டி.வை.' என்ற எழுத்துகளைச் சுட்டது. இன்று ஹெயிட்டி எனப்படும் பிரெஞ்சுக் குடியேற்றத்தின் செய்தித்தாள்கள், தப்பியோடியவரைத் தேடும் அறிவித்தல்களில் மார்பில் சுடப்பட்ட எழுத்துகளை அச்சிட்டன. இவ்வெழுத்துகள், அடிமைப்பட்டவர் யார் கையில் அகப்பட்டார் என்பதற்கு மட்டுமே சான்று. சவுக்குத் தழும்பையும் இந்நிரலிலேயே எழுதுங்கள்.

சொந்தச் சமூகம் தோலில் வெட்டி இட்ட கீற்றுகளும் அராவிய பற்களும் மற்ற நிரலுக்குரியவை. இங்கேதான் பொறுமை வேண்டும். அடிமைநிலையிலிருந்து விடுதலைபெற்ற ஒலாடா எக்கியானோ 1789இல் வெளியிட்ட தன்வரலாற்றில், நெற்றியின் மேற்புறத்தில் தோலை வெட்டிப் புருவம்வரை இழுத்துத் தடித்த தழும்பாக்கும் குறியைத் தம் தந்தை பெற்றிருந்ததாகவும், அது உயர்மதிப்பின் அடையாளம் என்றும், தாமும் அதைப் பெறவிருந்ததாகவும் எழுதுகிறார். ஆனால் அதற்குமுன்பே சிறுவனாகக் கடத்தப்பட்டதாகச் சொல்கிறார். ஆகவே ஒரு குறி இனத்தை மட்டுமன்றி, தகுதியையும் வயதையும் காட்டக்கூடும். குறி இல்லாமை எதையும் நிறுவாது.

எழுதுவினைஞர் சொந்தச் சமூகம் இட்ட குறியை 'நாட்டுக் குறி' என்று மட்டும் எழுதியிருந்தால் அச்சொல்லை அப்படியே படியெடுங்கள். வருணனை இருந்தால் உடலின் எப்பகுதி, எத்தனை கீற்று, எத்திசை என்று குறியுங்கள். 'மினா' போன்ற பெயரைப் பிறப்பிடமாகக் கொள்ளாதீர்கள்; அது மேற்கு ஆபிரிக்காவின் எல்மினாத் துறைமுகத்தையொட்டி வணிகர் வழங்கிய பெயர்.

பின்னர் ஒப்பிடுங்கள். டிரினிடாட்டின் 1813ஆம் ஆண்டுப் பதிவேட்டில் பிறந்த நாடும் குறியும் சேர்ந்தே வருகின்றன. கைப்பற்றப்பட்ட கப்பல்களிலிருந்து விடுவிக்கப்பட்டோரை 1808 முதல் பதிந்த சியரா லியோனின் ஃபிரீடவுண் ஏடுகளில், ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய ஆபிரிக்கப் பெயர்களும் உள்ளன. அவற்றை வாய்விட்டு ஒலித்துப் பாருங்கள். பெயரும் குறியும் ஒரே மக்களைச் சுட்டினால் மட்டுமே 'இன்னார் ஆகலாம்' என்று எழுதுங்கள்; குறி மட்டும் கிடைத்தால் அதன் வருணனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.